அன்னைக்கு இங்க என்ன நடந்தது? குமரியில் ஒரு வானொலி வரலாற்றுத் தொடரின் கதை

முதல் பகுதி ஒலிபரப்பான சனிக்கிழமை இரவு எங்களுக்கு ஒரே ஒரு போன்தான் வந்தது. பேசியவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். "சாரே, பேசினது எல்லாம் நல்லாத்தான் இருந்தது. டெல்லியில ராத்திரி பன்னெண்டு மணிக்கு நேரு பேசினாரு, சரி. அன்னைக்கு இங்க என்ன நடந்தது? எங்க தாத்தா அப்போ மகாராஜாவுக்க பிரஜை இல்லியா?"

பதினைந்து நிமிடம் 1947 ஆகஸ்ட் 15 பற்றிப் பேசியிருந்தோம். கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிற மூன்று பேர், மூவரும் இந்த மாவட்டத்துக்காரர்கள். இந்த மாவட்டம் அப்போது திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது; அவர் கேட்டதற்குப் பதில் எங்கள் மூவருக்குமே தெரியும். ஆனால் 'தேசத்தின் வரலாறு' என்று தலைப்பு வைத்தவுடன் அந்தப் பதில் எழுத்துப்படியில் ஏறவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பதின்மூன்று வாரம் ஓடிய அந்தத் தொடரில் எது எடுபட்டது, எது படுத்தது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாவட்டத்தின் நடுப்பகுதியில் இருக்கும் ஒரு சமுதாய வானொலி அது, பெயர் வேண்டாம். வரலாற்றுத் தொடர் ஒன்று செய்து தர முடியுமா என்று நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கேட்டார். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 2008-ல் தொடங்கி 2020 வரை நடந்த 'பேக்ஸ்டோரி' என்ற வானொலி நிகழ்ச்சி. அதை நடத்தியவர்கள் வரலாற்றுப் பேராசிரியர்கள். ஆளுக்கு ஒரு நூற்றாண்டு: பீட்டர் ஓனஃபுக்குப் பதினெட்டு, எட் அயர்ஸுக்குப் பத்தொன்பது, பிரையன் பேலோவுக்கு இருபது. இன்றைய பேச்சில் அடிபடும் ஏதாவது ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, அது மூன்று நூற்றாண்டுகளில் எப்படி இருந்தது என்று ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டே பேசுவார்கள். எங்களிலும் மூன்று பேர் இருந்தோம். ஒருவருக்குத் திருவிதாங்கூர், ஒருவருக்குப் பிரிட்டிஷ் ஆட்சி, எனக்கு 1947-க்குப் பிறகு. அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தோம்.

நம் நாட்டிலும் வரலாற்றாசிரியர்கள் வானொலிக்குப் புதியவர்கள் அல்ல. 1968-ல் வானொலித் துறை நடத்திய கருத்தரங்கு ஒன்றில் ரொமிலா தாப்பர், ஹர்பன்ஸ் முகியா, பிபன் சந்திரா மூவரும் வகுப்புவாதமும் வரலாற்று எழுத்தும் பற்றிக் கட்டுரை வாசித்தார்கள். 1972-ல் வானொலியின் சர்தார் பட்டேல் நினைவுச் சொற்பொழிவை நிகழ்த்தியவரும் தாப்பர்தான். ஆனால் அவை நாடு முழுவதற்கும் போன குரல்கள். எங்களுடையது, விதிப்படி 100 வாட்டுக்கு மேல் போகக் கூடாத ஒலிபரப்பு, 30 மீட்டருக்கு மேல் உயரக் கூடாத கோபுரம். நடுவில் வேளிமலை வேறு. மலைக்கு அந்தப் பக்கம் போனால் கரகரப்புதான்.

வானொலி விஷயத்தில் குமரிக்கு ஒரு பெருமை உண்டு. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984-ல் நாகர்கோவிலில்தான் தொடங்கியது. அதனால் இங்கே வானொலி கேட்கிற காது பழகிய காது. கூடவே ஒரு சிக்கலும் உண்டு. மேற்கே விளவங்கோடு பக்கம் திருவனந்தபுரத்து மலையாள நிலையங்கள் தெளிவாக எடுக்கும். பிடிக்கவில்லை என்றால் மொழியையே மாற்றிவிடுவார்கள்.

முதல் இரண்டு பகுதிகளும் தோல்வி. மெழுகிப் பயனில்லை. காகிதத்தில் அவை நல்ல கட்டுரைகள். காந்தி டெல்லி வானொலி நிலையத்துக்கு ஒரே ஒருமுறை, 1947 நவம்பர் 12 அன்று போனார் என்ற துணுக்கைச் சேர்த்ததில் எனக்குப் பெருமை வேறு. ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டபோதுதான் உறைத்தது. ஒரு வாக்கியத்தில் மூன்று ஆண்டுகள் வந்தால் காது முதல் ஆண்டைக் கீழே போட்டுவிடுகிறது. 'கருதப்படுகிறது', 'இருந்திருக்கலாம்' என்பவை எழுத்தில் நேர்மை. ஒலியில், சரியாகத் தெரியாத ஆள் மழுப்புவதுபோல் இருக்கிறது. அந்தச் சொற்களை வெட்டிவிடலாம் என்றார் தயாரிப்பாளர். வெட்டினால் நாங்கள் வரலாறு சொல்பவர்கள் இல்லை, கதை அளப்பவர்கள். இந்த முடிச்சு அவிழ நான்கு வாரம் ஆனது.

அதற்கு முன், போன் செய்தவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது பகுதியை அவருக்காகவே எழுதினோம். மணவாளக்குறிச்சி மணலில் தொடங்கினோம். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இங்கிருந்து போன கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதில் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் இருக்கிறது. முதலில் காஸ் விளக்கின் வலைக்குத் தேவைப்பட்ட பொருள், அணுகுண்டு வெடித்த பிறகு வேறு கணக்காகிவிட்டது. பிரிட்டனின் கண் அந்த மணல்மேல் இருந்தது. திருவிதாங்கூர் திவான் சி.பி. ராமசாமி ஐயருக்கும் அது நன்றாகத் தெரியும்.

1947 ஜூன் 11 அன்று சி.பி. அறிவித்தார்: பிரிட்டிஷார் போனதும் திருவிதாங்கூர் தனி நாடாக இருக்கும். பாகிஸ்தானுக்கு ஒரு பிரதிநிதியை நியமிப்பதாகவும் சொன்னார். இன்றைக்குக் கேட்டால் வேடிக்கையாக இருக்கும். அன்று வேடிக்கை இல்லை. தக்கலையிலும் நாகர்கோவிலிலும் குளச்சலிலும் இருந்தவர்கள், இன்னும் இரண்டு மாதத்தில் தாங்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று தெரியாமல் இருந்தார்கள். ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் ஓர் இசை நிகழ்ச்சி முடிந்து கிளம்பும்போது சி.பி. வெட்டப்பட்டார். உயிர் பிழைத்தார். அந்த மாதம் முடிவதற்குள் மகாராஜா இந்தியாவுடன் சேரச் சம்மதித்துவிட்டார். அப்படியானால் ஆகஸ்ட் 15 அன்று இங்கே நடந்தது என்ன? வெள்ளைக்காரன் போன நாள் என்பதைவிட, இரண்டு வாரத்துக்கு முன்பு ஒரு தனி நாடு கைவிடப்பட்ட கதையின் கடைசிப் பக்கம் அது. அன்றும் மகாராஜா மகாராஜாதான். நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 19 அன்றுதான் சி.பி. பதவி விலகினார். தாத்தா பிரஜையாகவே இருந்தார்.

அது மட்டுமல்ல. 1945 கடைசியிலேயே தென்திருவிதாங்கூர்த் தமிழர்கள் நாகர்கோவிலில் தங்களுக்கென்று தனிக் காங்கிரஸ் தொடங்கியிருந்தார்கள். ஆக, டெல்லிக்காரருக்கு ஒரு விடுதலை என்றால் இங்கே வரிசையாக மூன்று கேள்விகள். பிரிட்டனிடமிருந்தா, திவானிடமிருந்தா, அல்லது நாளை வரப்போகும் மலையாளப் பெரும்பான்மையிடமிருந்தா?

அந்த வாரம் பதினொரு போன் வந்தது. பதினொன்று என்பது பெரிய எண் இல்லை. ஆனால் எங்கள் வானொலியில் பாட்டு விருப்பம் கேட்டு வருகிற போன்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அது திருவிழாக் கூட்டம்.

அடுத்தது குளச்சல். இதுதான் எங்களை மாட்டிவிட்டது. மார்த்தாண்ட வர்மாவின் படை 1741-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையைக் குளச்சலில் தோற்கடித்தது. மிளகு யார் கைக்குப் போவது என்பதுதான் சண்டை. பிடிபட்ட தளபதி தெ லனோய் பிறகு இந்த அரசிடமே வேலைக்குச் சேர்ந்து படையைப் பழக்கினார். 1777-ல் இறந்த அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. அதனால் எளிது என்று நினைத்தோம்.

நாங்கள் தேதியை ஆகஸ்ட் 10 என்று சொன்னோம். ஒருவர் அழைத்து ஜூலை 31 என்றார். இரண்டும் அச்சில் இருக்கிறது. காரணம் நாட்காட்டி. ஹாலந்துக்காரர்கள் புதிய கிரெகோரியன் நாட்காட்டிக்கு எப்போதோ மாறிவிட்டார்கள்; ஆங்கிலேயர்கள் 1752 வரை பழைய ஜூலியனிலேயே இருந்தார்கள். ஆளுக்கு ஒரு தேதி. சரி, முடிந்தது என்று விளக்கம் எழுத உட்கார்ந்தால், அந்தக் காலத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் 11 நாள். ஜூலை 31-உடன் 11 கூட்டினால் ஆகஸ்ட் 11 வரும், 10 அல்ல. புத்தகங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்துவிட்டுப் போய்விடுகின்றன. கூட்டிப் பார்த்தது ஒரு நேயர் கேட்ட பிறகு நாங்கள்தான். (இருபது வருடம் வகுப்பில் இந்தத் தேதியைச் சொல்லியிருக்கிறேன். ஒரு மாணவனும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.)

இதற்கு வழி சொன்னவர் ஒரு முதியவர். ஊர் நூலகத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடி இந்தத் தொடரைக் கேட்க ஏற்பாடு செய்திருந்தோம். 1956-ல் புனே பக்கம் 150 கிராமங்களில் வானொலியைக் கூட்டமாகக் கேட்டு விவாதிக்க வைத்துப் பார்த்த ஒரு சோதனை உண்டு. யோசனை அங்கிருந்து வந்தது. அந்தக் கூட்டத்தில் அவர் சொன்னார்: "கொல்லம் ஆண்டு 916, ஆடி மாசம்னு சொல்லுங்க. ரெண்டு பேரும் ஜெயிச்சாச்சு." சரியாகத்தான் இருந்தது. மூன்று தேதியில் எதை எடுத்தாலும் ஆடிதான். திருவிதாங்கூர் காலத்தில் வழங்கிய கொல்லம் ஆண்டில் பேசினால் புரிந்துகொள்கிற தலைமுறை இங்கே இன்னும் இருக்கிறது என்பதை நாங்கள்தான் மறந்துவிட்டோம்.

தேதிச் சண்டை சிரிப்போடு முடிந்தது. பெருமைச் சண்டை அப்படி முடியவில்லை. 'ஆசியாவிலேயே ஐரோப்பியரைத் தோற்கடித்த முதல் அரசு' என்று குளச்சல் போரைப் பற்றிச் சொல்வது வழக்கம். அது உண்மை இல்லை. 1662-லேயே தைவானில் இதே டச்சுக் கம்பெனியின் கோட்டையைச் சீனத் தளபதி கோக்சிங்கா முற்றுகையிட்டுப் பணியவைத்துவிட்டார். இதை எப்படிச் சொல்வது? நேரடியாகச் சொன்னால் ஊர்க்காரர்களின் கையிலிருந்து எதையோ பிடுங்குகிற மாதிரி இருக்கும். சொல்லாமல் விட்டால் நாங்கள் எதற்கு?

இங்கேதான் அந்த நான்கு வார முடிச்சு அவிழ்ந்தது. எங்கள் மூவரில் ஒருவர் சிறு வயதில் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக்குக் குடம் அடித்தவர். அவர் கேட்டார்: "வில்லுல புலவர் சொல்லும்போது பக்கத்துல இருக்கறவன் சும்மாவா இருக்கான்? ஆமா போடுவான், சந்தேகம் கேப்பான், நக்கலும் அடிப்பான். நம்ம சந்தேகத்தை எல்லாம் அவன் வாயில போட்டா என்ன?" அவ்வளவுதான். 'கருதப்படுகிறது' என்று புலவர் சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் இருப்பவன் கேட்டுவிடுவான்.

குளச்சல் பகுதியை மறுபடி பதிவு செய்தோம்.

"ஆசியாவிலேயே வெள்ளைக்காரப் படையை ஜெயிச்ச மொத அரசு நம்ம அரசு!"

"ஆமா! ஆனா அண்ணே, இதுக்கு எழுபத்தொன்பது வருசத்துக்கு முன்னாலயே தைவான்ல இதே டச்சுக்காரனை ஒருத்தர் விரட்டினதா எழுதி வெச்சிருக்கே?"

"அடப்பாவி, எங்க படிச்ச?"

"டச்சுக்காரனே எழுதி வெச்சிருக்கான் அண்ணே. தோத்தவன் பொய் சொல்லுவானா?"

"சரி, மொதல்னு வேண்டாம். அப்போ இதுல பெருசு என்ன?"

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எங்களுக்கு இடம் தேவைப்பட்டது. பெரிது என்னவென்றால், அதன் பிறகு மலபாரில் டச்சுக் கம்பெனி நிமிரவே இல்லை. 1753-ல் மாவேலிக்கரையில் ஓர் உடன்படிக்கை போட்டுக்கொண்டு ஒதுங்கிவிட்டது. காலியான அந்த இடத்துக்குப் பிறகு ஆங்கிலக் கம்பெனி வந்து உட்கார்ந்தது. 'முதல்' என்ற பட்டத்தைவிட இது கனமான விஷயம். கோபித்துக்கொண்டு அழைத்தவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர் அடுத்த வாரமும் கேட்டார், அதற்கும் கோபித்துக்கொண்டார்.

எல்லாப் பகுதிக்கும் வில்லு சரிப்பட்டு வராது. மேலாடை உடுத்தும் உரிமைக்காக இங்கே நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்கு நக்கல் ஆகாது. 1857 என்றால் வடக்கே சிப்பாய்க் கலகம். இங்கே அந்த ஆண்டுகளின் கதை வேறு. 1858 நவம்பர் 1 அன்று விக்டோரியா ராணியின் பிரகடனம், மத விஷயங்களில் தலையிட மாட்டோம், பழைய வழக்கங்களை மதிப்போம் என்றது. பழைய கட்டுப்பாடுகளை மறுபடி திணிக்கலாம் என்பதற்கு இது அனுமதி என்று இங்கே மேல்சாதியினர் எடுத்துக்கொண்டார்கள். பெண்களின் மேலாடை பறிக்கப்பட்டது, கலவரம் மூண்டது. சென்னை ஆளுநர் டிரெவெல்யன் அழுத்தம் கொடுத்தார். 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா ஆணை பிறப்பித்தார். அதிலும், மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. கம்பெனியிடமிருந்து ராணியின் கைக்கு ஆட்சி மாறிய காகிதம் இங்கே ஒரு பெண்ணின் தோளில் வந்து விழுந்த விதம் இது.

எழுத்துப்படியில் நாங்கள் 'ஒரு சமூகத்துப் பெண்கள்' என்று எழுதினோம். காரணம் பயம்தான். 2016-ல் ஒன்பதாம் வகுப்பு சிபிஎஸ்இ பாடத்திலிருந்து இந்தப் பகுதியே எடுக்கப்பட்டது எங்கள் நினைவில் இருந்தது. நூலகக் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்தார். "ஒரு சமூகம்னா எது? பேரைச் சொல்ல என்ன கூச்சம்? எங்க பாட்டிமாருக்க கதையாக்கும் இது." மறுஒலிபரப்பில் நாடார் பெண்கள் என்று சொன்னோம். ஆணையில் இருந்த பழைய சொல்லை, ஆணையை வாசிக்கிற இடத்தில் மட்டும், வாசிப்பதாகச் சொல்லிவிட்டு வாசித்தோம். யாரும் சண்டைக்கு வரவில்லை.

பத்தாவது பகுதியில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அதுவரை நாட்டில் நடந்தது இங்கே எப்படி வந்து இறங்கியது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். 1954-ல் அது தலைகீழ். ஆகஸ்ட் 11 அன்று, தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டுப் போராடியவர்கள்மீது புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் போலீஸ் சுட்டது. இந்தப் பகுதி அப்போது இருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அரசு. இந்தக் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். போராட்டத்தை முன்னின்று நடத்திய நேசமணியின் பெயரோடு சேர்ந்தே தெரியும். அதிகம் பேசாத பகுதி ஒன்று உண்டு. அந்தக் கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா அப்போது உத்தரப் பிரதேசத்தில் சிறையில் இருந்தார். மக்களைச் சுட்ட அரசு நம் கட்சி அரசாக இருந்தாலும் பதவி விலக வேண்டும் என்று அங்கிருந்தே சொன்னார். கட்சித் தலைமை கேட்கவில்லை. சச்சரவு வளர்ந்து கட்சி உடைந்தது. 1955 முடியும்போது லோகியா தனிக் கட்சி தொடங்கினார். இந்திய சோஷலிஸ்டுகள் இரண்டாகப் பிரிந்த வழியில் புதுக்கடைச் சந்தியும் இருக்கிறது.

இந்தப் பகுதிக்கு அந்தப் பால்வெட்டுத் தொழிலாளி மறுபடி அழைத்தார். இந்தத் தடவை கேள்வி இல்லை. "டெல்லிக்காரன் நம்மளால சண்டை போட்டானா!" என்று ஒரு சிரிப்பு. வேறு சிலர் துப்பாக்கிச் சூட்டில் அடிபட்ட உறவினர்களின் பெயரைச் சொன்னார்கள். எழுதிக்கொண்டோம், ஒலிபரப்பவில்லை. அரசுப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை இன்னும் நடக்கிறது.

ஓடாதவையும் உண்டு. கடற்கரையைப் பற்றிய பகுதியை நாங்களே, கடலுக்குப் போகாதவர்கள், எழுதினோம். கேட்டவர்கள் பொறுத்துக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். சனிக்கிழமை மாலை ஏழு மணி என்பது தவறான நேரம். அப்புறம், பதின்மூன்றில் மூன்று பகுதிகளின் பதிவு இன்று இல்லை. கணினியில் இடம் போதவில்லை என்று நிலையத்தில் யாரோ அழித்துவிட்டார்கள். அழிந்ததில் குளச்சலின் வில்லுப் பதிப்பும் ஒன்று. வாட்ஸ்அப்பில் யாரோ சேமித்த நான்கு நிமிடத் துண்டுதான் மிச்சம். இனிமேல் பதிவான அன்றே ஒரு நகலை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறேன்.

இரண்டாம் சுற்றுக்கு நேரத்தை மாற்றச் சொன்னவரும் அந்தப் பால்வெட்டுத் தொழிலாளிதான். "ராத்திரி நாங்க தூங்கிருவோம் சாரே. வெளுப்பாங்காலம் அஞ்சரைக்குப் போடுங்க. தலையில லைட்டு, இடுப்புல போனு, கையில கத்தி. காது சும்மாத்தானே இருக்கு." மாற்றினோம். முதல் நாள் காலையில் ஒலிபரப்புக்குப் பொறுப்பான தம்பி தூங்கிவிட்டான். ஆறு மணிக்கு என் போன் அடித்தது. எடுக்கும்போதே யார் என்று தெரிந்துவிட்டது.